பாட்டு பிள்ளையை மாற்றுகிறதா, மாறுகிற பிள்ளை அந்தப் பாட்டைத் தேடுகிறதா?

மாலைவெயில்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகக் கேட்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு 14 வயது. சில மாதங்களாகக் காதில் ஹெட்போன் இல்லாமல் அவனைப் பார்க்க முடிவதில்லை. கேட்பதெல்லாம் ராப். கெட்ட வார்த்தை, பணம், போதை, எதிரியை மிதிப்பேன் என்கிற சவால், பெண்களைப் பற்றிக் காது கூசும் வரிகள். கணக்குப் போடும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். அதே நாலு வரி, திரும்பத் திரும்ப. நேற்று தங்கை பேனா கேட்டாள். அந்தப் பாட்டின் ஒரு வரியையே, அதே தொனியில், அதே கையசைவோடு அவளுக்குப் பதிலாகச் சொன்னான். அவள் முகம் சுண்டிப்போனது. நடையும் பேச்சும் மாறிவிட்டன. ஏதாவது கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறான்.

செயலியை அழித்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் வரவில்லை. அதே நேரம், 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது' என்று அவரிடம் சொல்லவும் தைரியம் இல்லை. பாட்டுதான் இவனை மாற்றுகிறதா? இல்லை, மாறிக்கொண்டிருக்கிற வயது அப்படிப்பட்ட பாட்டைத் தேடிப் போகிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருங்கல்

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. அரை நிமிட விளம்பரப் பாட்டுக்கு நிறுவனங்கள் கோடி கோடியாகக் கொட்டுவது எதற்கு? மெட்டோடு சேர்ந்து உள்ளே போனது லேசில் வெளியே வராது என்று அவர்களுக்குத் தெரியும். அரை நிமிடம் கேட்டதற்கே சோப்பை வாங்கிவிடுகிறோம். அப்படியிருக்க, நாளெல்லாம் கேட்கிற பாட்டு ஒன்றுமே செய்யாது என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். இசையின் முறை மாறினால் நாட்டின் அடிப்படைச் சட்டங்களும் ஆட்டம் காணும் என்று கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ எழுதி 2,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இன்றைக்குப் பையன்கள் கூட்டமாகப் பாடுவதைத்தான் நாளைக்கு அவர்களைப் பார்த்துச் சொல்வார்கள். செயலியை எடுத்துவிடுங்கள். இதில் தயக்கம் வேண்டாம்.

வாசகசாலை

இந்தத் துறை ஆய்வுகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எந்தப் பக்கம் எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2003இல் அமெரிக்காவில் ஐந்து சோதனைகள் நடத்தினார்கள். கலந்துகொண்டவர்கள் 500க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்கள். ஒரே பாணியில் அமைந்த பாடல்கள். சிலவற்றின் வரிகளில் வன்முறை, மற்றவற்றில் இல்லை. வன்முறை வரிகளைக் கேட்டவர்களுக்குப் பகையுணர்வும் ஆவேசமான எண்ணங்களும் கூடியிருந்தன. கேட்ட உடனே வந்த மாற்றம் இது. அது எவ்வளவு நேரம் நிற்கும், அந்த எண்ணம் செயலாக மாறுமா என்பது வேறு கேள்வி. வேறு ஏதாவது நடந்தாலே அந்த உணர்வு கலைந்துவிடலாம் என்று ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். தலைப்புச் செய்தி போடுகிறவர்கள் அந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

2006இல் வந்த இன்னொரு ஆய்வைக் கவனமாகப் பாருங்கள். 12 முதல் 17 வயதுவரை 1,461 பேர். 2001இல் ஒருமுறை பேட்டி, பிறகு 2002இலும் 2004இலும். பாலுறவைப் பற்றிப் பாடும் பாடல்களை இரண்டாகப் பிரித்தார்கள்: பெண்ணை இழிவாக, வெறும் உடலாகக் காட்டுகிறவை, அப்படி இழிவு இல்லாதவை. முதல் வகையை அதிகம் கேட்ட பிள்ளைகள் சிறு வயதிலேயே பாலுறவைத் தொடங்குவது அதிகமாக இருந்தது. இரண்டாம் வகையில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. பேசுபொருள் ஒன்றுதான், அதைப் பேசுகிற விதத்தில்தான் வேறுபாடு. பையன், பெண் இரண்டு பேருக்கும் இது பொருந்தியது.

போதைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2005இல் அமெரிக்காவில் மிகப் பிரபலமாக இருந்த 279 பாடல்களை வரிவரியாகப் படித்தார்கள். மூன்றில் ஒரு பாட்டில் குடியோ போதைப் பொருளோ வெளிப்படையாக வந்தது. ராப்பில் மிக அதிகம், பாப்பில் மிகக் குறைவு. போதை வந்த பாடல்களில் பெரும்பாலானவை அதன் கெட்ட விளைவைவிட நல்ல விளைவையே அதிகமாகக் காட்டின. இது பிள்ளைகள் காதில் என்ன விழுகிறது என்பதற்கான கணக்கு மட்டுமே. கேட்ட பிறகு என்ன செய்தார்கள் என்பது இதில் இல்லை.

மாலைவெயில், உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருவது 2013இல் வந்த நெதர்லாந்து ஆய்வு. 309 பிள்ளைகளை 12 வயதிலிருந்து 16 வயதுவரை பின்தொடர்ந்தார்கள். 12 வயதில் மெட்டல், பங்க், ஹிப்ஹாப், எலெக்ட்ரானிக் நடன இசை போன்ற முரட்டு இசையை மிகவும் விரும்பியவர்களிடம், 16 வயதில் கடையில் திருடுவது, பொதுச் சொத்தைச் சேதப்படுத்துவது போன்ற சில்லறைக் குற்றங்கள் அதிகம் தெரிந்தன. 12 வயதில் அவன் ஏற்கெனவே செய்த தப்புகளைவிட, அவனுக்குப் பிடித்த இசை என்ன என்பதே 16 வயதை நன்றாகக் காட்டிக்கொடுத்தது. இதைப் படித்ததும் கருங்கல் 'பார்த்தீர்களா' என்பார். ஆனால் ஆய்வாளர்கள் தந்த விளக்கம் வேறு. அந்த இசை அவனை அதே இசை கேட்கும் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பழக்கம் தொற்றுவது அந்தக் கூட்டத்தில். அவர்கள் அந்த இசைக்கு வைத்த இடம் அடையாளம் என்பது, காரணம் என்பதல்ல.

கருங்கல்

> அந்த இசை அவனை அதே இசை கேட்கும் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது

வாசல்வரை கொண்டுபோய் விட்டது பாட்டுதானே? அப்புறம் என்ன அடையாளம், காரணம் என்று பிரித்துக்கொண்டு.

வாசகசாலை

பிரித்தே ஆக வேண்டும். காரணம் பாட்டு என்றால் பாட்டை எடுத்தால் போதும். காரணம் சேர்க்கை என்றால் நீங்கள் செயலியை அழித்தாலும் கூட்டம் அப்படியே இருக்கும். பாட்டு அங்கேயும் ஓடும், உங்கள் காதுக்கு மட்டும் எட்டாது.

தாளக்கட்டு

இளம் பிள்ளைகளுக்கு டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே எல்லோரும் வரிகளையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பிள்ளைகளில் பலர் வரியைக் கேட்பதே இல்லை. பிடித்த பாட்டு எதைப் பற்றியது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள், மீதிப் பேர் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அமெரிக்காவில் 1980களிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பெற்றோர் பதறிய பாடல்களின் உட்பொருள் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பிடிபடவில்லை என்றுதான் தெரிந்தது.

அவர்களைப் பிடிப்பது பேஸும் டிரம்ஸும். பாட்டில் ஒரு இடத்தில் எல்லா வாத்தியமும் நின்று, ஒரு கணம் வெறுமையாகி, அடி மொத்தமாக இறங்கும். அந்த அடிக்கு முந்தைய கணத்தில் வகுப்பில் எல்லா முகமும் ஒரே மாதிரி ஆகும். கண் விரியும், மூச்சு நிற்கும், கழுத்து முன்னால் வரும். 2011இல் மான்ட்ரியால் ஆய்வாளர்கள் இதை மூளையில் பார்த்தார்கள். பிடித்த பாட்டில் மெய்சிலிர்க்கும் நேரத்தில், இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் சுரக்கிறது. அந்த இடம் வரப் போகிறது என்று காத்திருக்கும்போதே மூளையின் இன்னொரு பகுதியில் அது சுரக்கத் தொடங்கிவிடுகிறது. உங்கள் பையன் அதே நாலு வரியைத் திரும்பத் திரும்பப் போடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2013இல் இஸ்ரேலில் புதிதாக உரிமம் வாங்கிய 85 இளைஞர்களைப் பயிற்றுநரோடு கார் ஓட்ட வைத்தார்கள். தங்களுக்குப் பிடித்த பாட்டைச் சத்தமாக வைத்து ஓட்டியபோது வேகம் கூடியது, முன்னால் போகிற வண்டியை ஒட்டிப் போனார்கள், ஒற்றைக் கையில் ஓட்டினார்கள். சாந்தமாக இருக்கும்படி தனியாக அமைத்த இசையைப் போட்டபோது தவறுகள் குறைந்தன. இதில் வரிக்கு என்ன பங்கு? வேகமும் சத்தமும்தான் வேலை செய்தன.

காதையும் மறந்துவிடாதீர்கள். 12 முதல் 35 வயதுக்குள் 100 கோடிக்கும் மேற்பட்டோர் சத்தமாகப் பாட்டு கேட்பதாலேயே கேட்கும் திறனை இழக்கும் அபாயத்தில் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். கெட்ட வார்த்தைக்குப் பதறுகிற பெற்றோர் ஒலியளவைப் பார்ப்பதே இல்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

பதினேழுநான்

எனக்கு 17 வயது. எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

புதுப் பள்ளியில் சேர்ந்தபோது பெயருக்கு அடுத்து என்னிடம் கேட்ட கேள்வி 'நீ என்ன கேட்பே' என்பதுதான். அதற்குச் சொல்கிற பதிலை வைத்து மதிய இடைவேளையில் எந்தப் பெஞ்சில் உட்காருவோம் என்பது முடிவாகிவிடும். தப்பான பேரைச் சொல்லிவிட்டால் அதைச் சொல்லியே ஆண்டு முழுக்கக் கூப்பிடுவார்கள். ஆன்ட்டி, உங்கள் மகன் திரும்பத் திரும்ப வரி சொல்லிப் பார்ப்பது பாடமாகக்கூட இருக்கலாம். எல்லோரும் சேர்ந்து பாடும்போது அந்த வேகத்தில் வார்த்தை தடுக்கினால் மானம் போய்விடும். நாங்கள் உட்கார்ந்து பயிற்சி எடுப்போம்.

கோபமான பாட்டு கேட்டால் கோபம் வரும் என்கிறீர்கள். எனக்கு வீட்டுக்கு வரும்போதே கோபம் இருக்கும். அந்தப் பாட்டைப் போட்டால், என் இடத்தில் நின்று வேறு ஒருவர் கத்திவிட்ட மாதிரி இருக்கும். அப்புறம் சாப்பிடப் போவேன். எல்லா நாளும் அப்படி முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். சில நாள் அந்தப் பாட்டு முடிந்த பிறகு முன்னைவிட மோசமாக இருக்கும்.

கருங்கல் ஐயா, என் அப்பா செயலியை எடுத்தார். நண்பனின் போனில் கேட்டேன். அதற்குப் பிறகு எந்தப் பாட்டைப் பற்றியும் வீட்டில் வாய் திறந்ததில்லை.

வாசகசாலை

தம்பி பெஞ்சைப் பற்றிச் சொன்னதை அப்படியே காட்டும் சோதனை ஒன்று உண்டு. 2006இல் வந்தது. இணையத்தில் 14,000க்கும் மேற்பட்டோருக்கு, யாருக்கும் தெரியாத குழுக்களின் 48 பாடல்களைக் கொடுத்தார்கள். சிலருக்குப் பாட்டு மட்டும். மற்றவர்களுக்கு ஒவ்வொரு பாட்டையும் எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையும் தெரியும். அந்த இரண்டாம் கூட்டத்தைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து வைத்தார்கள். உலகத்துக்கு உலகம் வெவ்வேறு பாட்டு முதலிடம் பிடித்தது. மிக மோசமான பாட்டு மேலே வருவது அபூர்வம்தான், ஆனால் மற்றபடி எது வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. எல்லோரும் கேட்கிறார்கள் என்பதே ஒரு பாட்டை எல்லோரும் கேட்கப் போதுமான காரணம்.

2010இல் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளை மூளை ஸ்கேனில் படுக்க வைத்துப் பாட்டுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். அது எவ்வளவு பிரபலம் என்று காட்டியதும் பலர் மதிப்பெண்ணை அந்தப் பக்கம் நகர்த்தினார்கள். தன் ரசனை ஊரோடு ஒத்துப்போகாதபோது, பதற்றத்தோடு தொடர்புள்ள பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. பாட்டு அவர்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம். பெரியவர்கள் 'வெறும் பாட்டுதானே' என்று சொல்லும்போது இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வகுப்பறைவாசல்

பள்ளி ஆசிரியை. தாளக்கட்டு சொன்னதில் ஒரு பகுதியை மறுக்கிறேன். வரி புரியாவிட்டாலும் வரி வேலை செய்கிறது.

நான் கண்ணால் பார்ப்பது இது. படிக்கட்டில் ஆறேழு பையன்கள் நிற்பார்கள். ஒரு பெண் ஏறி வருவாள். ஒருவன் ஒரு பாட்டின் வரியை எடுப்பான், மற்றவர்கள் முடிப்பார்கள். அவள் திரும்பிப் பார்த்தால் 'பாட்டுதானே டீச்சர் பாடினோம்' என்பார்கள். சொந்த வாயால் அந்த வாக்கியத்தை அவளிடம் சொல்ல ஒருவனுக்கும் துணிவு வராது. பாட்டாக இருப்பதால் சொல்லிவிடலாம், பொறுப்பும் யாருடையதும் இல்லை. அந்தப் பெண் அடுத்த நாள் வேறு படிக்கட்டில் போகிறாள். இதை 'அந்த வயதில் அப்படித்தான்' என்று என்னால் விட முடியாது. பாட்டு அவர்களைக் கெடுத்ததா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரு பெண்ணைச் சிறுமைப்படுத்தத் தயாராக ஒரு வாக்கியத்தை அவர்கள் கையில் கொடுத்தது, அது போதும்.

தண்டித்தால் இடம் மாறினார்கள், அவ்வளவுதான். பிறகு வகுப்பில் அந்தப் பாட்டின் வரிகளைத் தாளில் கொடுத்து, மெட்டு இல்லாமல், பேசுகிற மாதிரி ஒருவரைப் பார்த்து ஒருவர் வாசிக்கச் சொன்னேன். முதல் பையன் முதல் வரியைச் சிரித்துக்கொண்டே வாசித்தான். இரண்டாவது வரியில் குரல் இறங்கியது. மூன்றாவதில் நிறுத்தி, 'இதைப் படிக்கணுமா டீச்சர்' என்றான். வகுப்பில் சத்தமே இல்லை. பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, 'நாங்க தினமும் கேட்கிறோம்' என்றாள். நான் எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. படிக்கட்டு முழுதாகச் சரியாகிவிடவில்லை, ஆனால் அந்த ஒரு பாட்டு அங்கே மறுபடி கேட்கவில்லை.

கருங்கல்

அம்மா, இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். படிக்கட்டில் ஏறி வருகிற பெண் என் பெண்ணாக இருக்கலாம். அந்தப் பாட்டே வெளியில் வராமல் தடுத்திருந்தால் நீங்கள் தாளில் எழுதிக் காட்ட வேண்டிய அவசியமே வந்திருக்காது.

பழையதட்டு

தடை என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன். பழைய இசைத்தட்டுகளைச் சேகரிக்கிறவன், இந்தக் கதைகள் எல்லாம் கூடவே வரும்.

1816இல் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் வால்ட்ஸ் நடனத்தை ஆபாசம் என்று எழுதியது. இன்றைக்குத் திருமணங்களில் தாத்தா பாட்டி ஆடுகிற நடனம் அது. 1957 ஜனவரியில் ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியைத் தொலைக்காட்சியில் இடுப்புக்கு மேலே மட்டும் காட்டினார்கள். 1985 செப்டம்பரில் அமெரிக்க செனட்டில் விசாரணையே நடந்தது. பிள்ளைகளைப் பாட்டு கெடுக்கிறது என்று பெற்றோர் அமைப்பு ஒரு பக்கம். எதிர்த்துச் சாட்சி சொல்ல ஃபிராங்க் ஸாப்பா, டீ ஸ்னைடர், ஜான் டென்வர் என்ற இசைக்கலைஞர்கள் மறு பக்கம். முடிவில் எச்சரிக்கைச் சீட்டு வந்தது. 1990இல் அதற்கு ஒரே வடிவம் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு ஒட்டிய தட்டைத்தான் அந்தக் காலப் பிள்ளைகள் முதலில் தேடினார்கள்.

அதே 1990இல் அமெரிக்காவின் நெவாடாவில் ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற மெட்டல் இசைக்குழுமீது வழக்கு. இரண்டு இளைஞர்கள் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டதற்கு, பாட்டில் ஒளிந்திருந்த ஒரு சொல்தான் காரணம் என்றார்கள். நீதிபதி ஏற்கவில்லை. அந்த இளைஞர்களின் வீட்டிலும் வாழ்க்கையிலும் இருந்த துன்பங்கள் விசாரணையில் வெளிவந்தன. பாட்டின்மேல் பழியைப் போடும் அவசரத்தில் பிள்ளையின் துன்பம் கண்ணில் படாமல் போகிறது. எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.

அலைவரிசை

பதின்ம வயதினருக்கான உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். பதினேழுநான் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன்: 'சில நாள் அந்தப் பாட்டு முடிந்த பிறகு முன்னைவிட மோசமாக இருக்கும்.' தம்பி, இதை நீயே கவனித்திருக்கிறாய் என்பது பெரிய விஷயம். அந்த மோசமான நாட்கள் அடிக்கடி வந்தால், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்.

ஃபின்லாந்தில் சுவி சாரிக்காலியோ என்ற ஆய்வாளர் இளையோர் தங்கள் மனநிலையைப் பாட்டால் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார். ஒரே பாட்டு ஒரு பிள்ளைக்கு மருந்தாகிறது, இன்னொரு பிள்ளை அதே பாட்டில் தன் காயத்தையே நோண்டிக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் பாட்டில் இல்லை, கேட்கிற விதத்தில். அதனால் என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் 'என்ன பாட்டு' என்று தொடங்குவதில்லை. 'கேட்டு முடித்ததும் எப்படி இருக்கும்' என்றுதான் கேட்பேன். 'லேசாகும்' என்றால் விட்டுவிடுவேன். 'நிறுத்த முடியவில்லை, இன்னும் கனமாகிறது' என்றால் பேச்சை அங்கிருந்து ஆரம்பிப்பேன். தூக்கம் கெடுவது, நண்பர்களை ஒதுக்குவது, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, இவையும் சேர்ந்திருந்தால் பெற்றோர் காத்திருக்க வேண்டாம், ஆலோசனைக்கு அழைத்து வாருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே.

பாட்டு நல்லதும் செய்யும் என்பதற்கு நான் அடிக்கடி சொல்வது இது. 2017இல் லாஜிக் என்ற அமெரிக்க ராப் பாடகர், சாக நினைக்கும் ஒருவர் உதவி எண்ணை அழைத்து மீள்வதைப் பாட்டாக்கினார். அந்த உதவி எண்ணையே பாட்டுக்குத் தலைப்பாக வைத்தார். 2021இல் அதைப் பற்றிய ஆய்வு வந்தது. அந்தப் பாட்டு மிக அதிகமாகப் பேசப்பட்ட 34 நாட்களில் அந்த எண்ணுக்கு வழக்கத்தைவிடச் சுமார் 9,900 அழைப்புகள் கூடுதல். அதே நாட்களில் தற்கொலைகள் எதிர்பார்த்ததைவிட 245 குறைவு. கருங்கல் ஐயா, பாட்டுக்குச் சக்தி உண்டு என்று நீங்கள் சொல்வதை நான் முழுதாக நம்புகிறேன். அந்தச் சக்தி இரண்டு பக்கமும் வேலை செய்கிறது.

மாலைவெயில்

எல்லோருடையதையும் இரண்டு முறை படித்தேன். கணவரையும் படிக்க வைத்தேன். பயிற்சி எடுப்பார்கள் என்று தம்பி சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. இருந்தாலும் தங்கையிடம் அந்த வரியைச் சொன்னதை விடப் போவதில்லை, படிக்கட்டுக் கதையைப் படித்த பிறகு நிச்சயமாக இல்லை. 'நீ எதை வேண்டுமானாலும் கேள், ஆனால் வீட்டில் யாரைப் பார்த்தும் அதைச் சொல்லக் கூடாது' என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லப் போகிறேன். அது போதுமா?

வகுப்பறைவாசல்

நல்ல ஆரம்பம். அதோடு தங்கையிடமும் கேளுங்கள், அவன் முன்னால் அல்ல, அவளிடம் தனியாக. வீட்டில் இதுவரை எத்தனை வரி அவள் காதில் விழுந்தது என்று அவள்தான் சொல்ல முடியும். பெண் பிள்ளைகள் கேட்காமல் சொல்வதில்லை.

தாளக்கட்டு

ஒலியளவுக்கு வரம்பு வைக்கும் வசதி இப்போது பெரும்பாலான போன்களில் உண்டு. அமைப்புகளில் தேடினால் கிடைக்கும். அவனையே வைக்கச் சொல்லுங்கள்.

கருங்கல்

10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அந்த மாதிரிப் பாட்டு கூடவே கூடாது என்பதில் நான் மாற மாட்டேன். அதற்குக் கேள்வியும் வேண்டாம், ஆய்வும் வேண்டாம். என் பெரிய பெண்ணுக்கு 15. அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாது என்பது இந்த இழையைப் படிக்கும்போதுதான் உறைத்தது. தம்பி பதினேழுநான், ஒன்று கேட்கிறேன். உன் அப்பா வந்து 'என்ன கேட்கிறாய், எனக்கும் போடு' என்று சொல்லியிருந்தால் போட்டிருப்பாயா?

பதினேழுநான்

முதல் நாள் போட்டிருக்க மாட்டேன் ஐயா. சந்தேகப்பட்டிருப்பேன். இரண்டாவது தடவை கேட்டிருந்தால் கெட்ட வார்த்தை இல்லாத ஒன்றைத் தேடிப் போட்டிருப்பேன். அது நான் கேட்கிற பாட்டாக இருக்காது. அதற்கும் அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், அப்புறம் நிஜமாகக் கேட்பதைப் போட்டிருப்பேன்.

உங்கள் மகளிடம் கேளுங்கள். நடுவில் நிறுத்தி 'இது என்ன வார்த்தை' என்று மட்டும் கேட்காதீர்கள். முழுப் பாட்டும் ஓடி முடியட்டும், அப்புறம் கேளுங்கள்.